பசியில்லாத மீனுக்கு ஒரு தூண்டில்



தூண்டில் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மண்புழுதான். மீனுக்குப் பசி; புழுவைத் தின்ன வருகிறது; மாட்டிக் கொள்கிறது. ஆனால் எதையுமே தின்னாத மீனை எப்படிப் பிடிப்பது? அலாஸ்கா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன் பக்கத்து ஓடைகளில் கோஹோ சால்மன் பிடிப்பவர்களின் கேள்வி இதுதான். விடையில் நம்ம மெக்கானிக்கல் சமாச்சாரம் நிறைய இருப்பதால் எழுதுகிறேன்.

கோஹோ ஓடையில் பிறந்து, ஓராண்டுக்கு மேல் அங்கேயே வளர்ந்து, கடலுக்குப் போய், பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு கழித்துப் பிறந்த ஓடைக்கே முட்டையிடத் திரும்புகிறது. வழி காட்டுவது அந்தத் தண்ணீரின் வாசனை. நன்னீருக்குள் வந்ததும் சாப்பாடு நின்று குடல் சுருங்கி விடும். கடலில் சேர்த்த கொழுப்பில்தான் மீதிப் பயணம்.

அப்படியானால் போலி இரையை ஏன் கவ்வுகிறது? கோபம், தன் இடத்தைக் காக்கும் குணம், கடலில் வேட்டையாடிய பழக்கம் என்று பல காரணம் சொல்கிறார்கள். கையில்லாத மீன் எதிரியை வாயால்தானே விரட்ட வேண்டும்! ஆக, தூண்டில்காரர் கிளப்ப வேண்டியது பசியை அல்ல, எரிச்சலை.

அதற்கான சாதனங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஸ்பூன். கரண்டிக் கிண்ணம் போல வளைந்த தகடு. இழுத்தால் தள்ளாடித் தள்ளாடி வரும். அமெரிக்கரான ஜூலியோ பியூல் 1852-ல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். இன்னொன்று ஸ்பின்னர். நேரான கம்பி, அதில் பித்தளை எடை, கம்பியைச் சுற்றிச் சுழலும் ஒரு தகடு, கடைசியில் முள். ஒரு குட்டி டர்பைன் என்றே சொல்லலாம். தகட்டின் மினுக்கம் கண்ணில் படும். அதிர்வோ, மீனின் உடலில் இருபுறமும் ஓடும் பக்கக் கோட்டு உணர் உறுப்பில் போய்த் தட்டும். கலங்கிய தண்ணீரிலும் மீனுக்கு இது தெரிவதற்குக் காரணம் அதுதான்.

நான் பித்தளைத் தகட்டில் இரண்டு செய்து ஹாஸ்டல் தொட்டியில் இழுத்துப் பார்த்தேன். வட்டத் தகடு அகலமாகச் சுற்றி நூலைப் பலமாக இழுத்தது. இலை போல நீண்ட தகடு கம்பியை ஒட்டியே வேகமாகச் சுற்றியது. டிராக் ஃபோர்ஸை விரல் நுனியில் படித்த மாதிரி!

அடுத்தது ரிலேட்டிவ் வெலாசிட்டி. தகட்டைச் சுழற்றுவது தண்ணீருக்கும் அதற்கும் உள்ள வேக வித்தியாசம். நீரோட்டத்தை எதிர்த்து மேலே வீசினால், ஸ்பின்னர் நீரோடு சேர்ந்தே இறங்கி வரும். ஓட்டத்தை விட வேகமாகச் சுருட்டினால்தான் தகடு சுற்றும். குறுக்கே வீசினால் ஓட்டமே பாதி வேலையைச் செய்து விடும். கோஹோ பெரும்பாலும் ஒதுங்குவது விழுந்த மரத்தடியிலும் ஓட்டம் குறைந்த மடுவிலும். அங்கே ஆழத்தில் இறங்க விட்டு, தகடு சுற்றுவதற்கு வேண்டிய அளவு மட்டும் மெதுவாக இழுக்க வேண்டும். தெளிந்த தண்ணீருக்குச் சின்னத் தகடு. கலங்கலுக்குப் பெரிய, பளபளப்பான தகடு.

இவ்வளவு சாமர்த்தியத்துக்கும் கடிவாளம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா ஆறுகளிலும் ஓடைகளிலும் எதிர்முள் இல்லாத ஒற்றை முள்தான் போடலாம். கம்பெனி மாட்டிய மூன்று முள்ளைக் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் பிடித்த மீனை அதிகக் காயமில்லாமல் திருப்பி விட முடியும். அலாஸ்கா நன்னீரில் வாய் தவிர வேறு இடத்தில் முள் குத்திய மீனை உடனே விட்டு விட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பெண் மீன் வாலால் தோண்டி முட்டையைப் புதைத்த சரளைக்கல் மேட்டில் கால் வைக்க மாட்டார்கள்.

ஏன் இத்தனை கவனம்? கோஹோ முட்டையிடுவது வாழ்நாளில் ஒரே முறை. அதன் பிறகு இறந்து விடும். அதற்கு முன்பே கொண்டு போனால், அதோடு சில ஆயிரம் முட்டைகளும் போச்சு. நமக்காவது அரியர்ஸ் எழுத அடுத்த அட்டெம்ப்ட் இருக்கிறது. கோஹோவுக்கு அது கிடையாது, நண்பர்களே!