நிலாவுக்கு இப்போது என்ன வேலை?

அந்தக் காலத் தமிழ் சினிமாவில் முத்தக் கட்டம் வந்தால் கேமரா நைசாக நகர்ந்து, இரண்டு பூக்களை உரசவிட்டுக் காட்டும். பாட்டிலும் அதே ஏற்பாடுதான். ஆசையை நாயகி வாய்விட்டுச் சொல்ல முடியாது. கொடியோ தென்றலோ வண்டோ அவளுக்காகச் சொல்ல வேண்டும். உவமை அப்போது அழகுக்கு மட்டுமல்ல, மறைப்புக்கும் பயன்பட்டது. உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்த வித்தை இது. கண்ணதாசனுக்கும் வாலிக்கும் அது கைவந்திருந்தது.

'உயர்ந்த மனிதன்' (1968) படத்தில் வாலி எழுதிய பாட்டில், நாளை இதே நேரத்துக்கு வந்துவிடும்படி நிலாவிடம் கெஞ்சுகிறாள் ஒரு பெண். பேச்சு நிலாவிடம், ஏக்கம் யார்மேல் என்பது கேட்கிற எல்லாருக்கும் தெரியும். பி.சுசீலா அதைப் பாடியதற்குத்தான் பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருது கிடைத்தது.

பிறகு காதலைச் சொல்ல வானத்தை அண்ணாந்து பார்ப்பது குறைந்தது. 'காதலன்' (1994) படத்தில் வைரமுத்து அதை உடம்புக்குள் கொண்டுவந்தார். வயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவே ஏதோ உருள்கிற அவஸ்தை என்றார். காதலித்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. 'மின்னலே' (2001) படத்தில் தாமரை இன்னும் அருகில் வந்தார். குளித்துவிட்டு வந்தவன் தன் சேலை நுனியில் தலை துவட்ட வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுகிறாள். அதில் உவமையே இல்லை. ஆனால், பழைய பாட்டில் நிலா சுமந்த அத்தனையையும் அந்தச் சேலை நுனி சுமக்கிறது. என்னைக் கேட்டால், தமிழ்க் காதல் பாட்டில் நடந்த பெரிய மாற்றம் இதுதான்.

'எந்திரன்' (2010) படத்தில் காதலின் தேடலுக்குக் கூகுளை இழுத்தார் மதன் கார்க்கி. காதலிப்பது ரோபோ என்பதால் அது பொருந்தியது. அதைப் பார்த்துச் சாதாரணப் பையன்களும் செல்போன் சார்ஜையும் வைஃபையையும் இதயத்தோடு ஒப்பிடக் கிளம்பியதுதான் வினை.

2011 இறுதியில் 'கொலவெறி' வந்தது. தனுஷ் எழுதிய அந்தத் தங்கிலீஷ் புலம்பலிலும் நிலா இருக்கிறது! பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல அதன் தூரத்தையும் நிறத்தையும் சொல்லி, அந்தக் கறுப்பு வெள்ளையை அப்படியே பெண்ணின் தோலுக்கும் மனசுக்கும் மாற்றுகிறான் பாடுகிறவன். கேலிதான்; ஆனாலும் உவமையின் எலும்புக்கூடு பழையது. (தோல் நிற விஷயத்தில் புத்தியும் பழையதுதான்.)

இன்று காதலை நேராகவே சொல்லிவிடலாம், ஒளிந்துகொள்ள உவமை வேண்டாம். அது குறைந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. என் புகார் வேறு: வாலியின் நிலாவும் தாமரையின் சேலையும் அந்தந்தப் பெண்ணுக்கே உரியவை. இப்போது வரும் பல பாட்டுகளின் தேவதைகளையும் மின்னல்களையும் எந்தப் படத்து நாயகன் வாயில் வைத்தாலும் பொருந்திவிடுகிறது.