உங்களுக்கென்று ஒரு போல்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் ஒரே கொண்டாட்டமாக இருக்கும். பாட்டு, சினிமா, கேம்ஸ், போட்டோ, கரண்ட் பில், ரயில் டிக்கெட் என்று நேரம் போவதே தெரியாது. மூன்றாவது மாதம் ஒரு கேள்வி வரும்: "இதில் வேறு என்ன செய்யலாம்?" என்னிடம் பலர் இதைக் கேட்கிறார்கள். ஏதாவது ஒரு புது சாப்ட்வேரின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வது வேறு. உங்கள் மனதுக்குப் பிடித்த ஒரு காரியத்துக்கு அதில் ஒரு போல்டர் ஒதுக்குங்கள் என்பேன்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஊர் நாகர்கோவில் பக்கம்; வேலை திருவனந்தபுரத்தில். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் பிழைப்பு. சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் நான் எழுதும் புரோகிராம் கம்பெனிக்குச் சொந்தம். அடுத்த வெர்ஷன் வந்ததும் அதுவும் மறைந்துவிடும். ஐந்து வருடம் வேலை பார்த்த பிறகும் "இது நான் செய்தது" என்று வீட்டில் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த வெறுமைக்கு வழி காட்டியவர்கள் எங்கள் மாவட்டத்து எழுத்தாளர்கள்.

துணிக்கடையும் டெலிபோன் ஆபீசும்

இந்த எழுத்தாளர்களின் வாழ்க்கையைக் கவனித்தால் ஒன்று புரியும். இவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார்கள். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் துணிக்கடை இருந்தது. அவருடைய 'ஒரு புளியமரத்தின் கதை' 1966ல் வெளிவந்தது. நாஞ்சில் நாடன் பிழைப்புக்காகப் பம்பாய் போனவர். அங்கே இருந்தபடியே தன் ஊர் மனிதர்களை எழுதினார். முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' 1977ல் வந்தது; 2010ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. தேங்காய்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் ஒரு வியாபாரி. அவருக்கு 1997ல் அந்த விருது கிடைத்தது.

ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியராக இருந்தவர். 'விஷ்ணுபுரம்' நாவல் 1997ல் வந்தபோதும் அந்த வேலையில்தான் இருந்தார். பிறகு 2014 ஜனவரி 1 அன்று மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் நாவல் வரிசையாக எழுதத் தொடங்கினார். தினம் ஒரு அத்தியாயம் என்ற கணக்கில் இன்டர்நெட்டில் வெளியானது. 2020 ஜூலையில் முடிந்தபோது மொத்தம் 26 நாவல்கள். இருபதாயிரம் பக்கங்களுக்கும் மேல். இதற்கு நடுவே சினிமா வசனமும் எழுதினார், ஊர் ஊராகப் பயணமும் செய்தார்.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆன்டனி டிராலப் என்ற நாவலாசிரியர் இருந்தார். தபால் துறை அதிகாரி. விடியற்காலையில் எழுந்து கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்வார். கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்பது அவர் கணக்கு. அப்படி 47 நாவல்கள் எழுதி முடித்தார்.

'மூடு வரட்டும், நேரம் கிடைக்கட்டும், ரிட்டயர் ஆகட்டும்' என்று காத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. உற்சாகம் வந்த பிறகு உட்கார்வோம் என்று நினைக்கிறோம். உண்மையில் தினமும் உட்கார்ந்தால்தான் உற்சாகம் வருகிறது.

என் போல்டரில் என்ன இருக்கிறது?

எனக்குக் கதை எழுத வராது. ஆகவே அவர்களுடைய பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பிடித்தது எங்கள் ஊர்ப் பேச்சு. ஆச்சிக்கு 84 வயது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்த காலத்து வார்த்தைகள் அவர் வாயில்தான் மிச்சம் இருக்கின்றன. சுற்றியிருந்த வயல்கள் பல இன்று வீட்டு மனைகள். வயல் போனால் அறுத்தடிப்பு, சூடடி என்ற வார்த்தைகளுக்கும் வேலை போய்விடும்.

'விதைப்பாடு' என்ற வார்த்தையைப் பாருங்கள். எங்கள் பக்கம் வயலின் பரப்பை ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். எத்தனை மரக்கால் விதை விதைக்கலாமோ அதுதான் வயலின் அளவு. ஒரு வார்த்தைக்குள் ஒரு விவசாய முறையே இருக்கிறது. மரச்சீனிக்கிழங்கு, நல்லமிளகு, கொல்லாம்பழம் என்று அடுக்களையிலும் தோப்பிலும் இன்னும் எவ்வளவோ!

ஞாயிற்றுக்கிழமை ஆச்சி பேசுவதை செல்போனில் ரெக்கார்ட் செய்கிறேன். மற்ற நாட்களில் இரவு அரை மணி நேரம் கேட்டு, ஒரு டேபிளில் டைப் செய்கிறேன். வார்த்தை, அர்த்தம், ஆச்சி சொன்ன வாக்கியம், ரெக்கார்டிங்கின் பெயர் என நான்கு காலம்கள். இப்போது 600 வார்த்தைகளைத் தாண்டிவிட்டது.

ஆரம்பத்தில் ஆச்சி, "எதுக்கு மக்கா இதெல்லாம் எழுதிட்டு கெடக்க?" என்று சிரிப்பார். இப்போது ஞாயிறு காலை நான் கேட்பதற்கு முன்பே வார்த்தைகளுடன் தயாராக இருக்கிறார். வாரம் முழுக்க யோசித்து வைக்கிறாராம். பகலெல்லாம் சும்மா படுத்திருந்தவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எனக்கும் சனிக்கிழமை இரவே உற்சாகம் வந்துவிடுகிறது. ரயிலில் கூட வரும் நண்பர்கள் தங்கள் வீட்டு வார்த்தைகளைச் சொல்கிறார்கள். அகர வரிசைப்படி அடுக்க நானே ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். வெகு நாட்களுக்குப் பிறகு யாரும் சொல்லாமல், ஆசைப்பட்டு எழுதிய புரோகிராம் அது.

நீங்கள் தொடங்க ஐந்து வழிகள்

1. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அம்மாவின் சமையல் குறிப்பு, பழைய குடும்ப போட்டோக்களின் விவரம், கோலம், உங்கள் தெருவின் கதை என எதுவாகவும் இருக்கலாம். அதன் பெயரில் ஒரு போல்டர் உருவாக்கி டெஸ்க்டாப்பில் கண்ணில் படும்படி வையுங்கள்.

2. தமிழில் டைப் செய்யத் தனி சாப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று டைம் அண்ட் லாங்வேஜ், அதில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் பகுதியில் தமிழைச் சேருங்கள். தமிழ் மொழிக்கான ஆப்ஷன்ஸில் போனெடிக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால், உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் டைப் செய்தாலே தமிழ் வரும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

3. எழுத நோட்பேட் போதும். டேபிள் வேண்டுமானால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்துங்கள். இது இலவசம்.

4. தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த நேரத்தில் இன்டர்நெட் இணைப்பை நிறுத்திவிடுங்கள். ஐந்து வரி எழுதினாலும் போதும். நாள் தவற வேண்டாம்.

5. வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுங்கள். ஹார்ட் டிஸ்க் போனால் வேறு வாங்கலாம். 84 வயது ஆச்சியின் குரலை எங்கே வாங்குவது?

விருது கிடைக்குமா, புத்தகமாக வருமா என்றெல்லாம் இப்போதே யோசிக்காதீர்கள். என் பட்டியலை இதுவரை வீட்டாரும் சில நண்பர்களும்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் ஆபீஸ் வேலை முடிந்து வீடு திரும்பும்போது எனக்காக ஒரு காரியம் காத்திருக்கிறது என்ற நினைப்பே களைப்பைப் போக்கிவிடுகிறது.

கம்ப்யூட்டரை ஆன் செய்து, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, நியூ போல்டர் கொடுங்கள். என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?