தறிகள் நின்ற நாட்கள் - 5: 32 சென்ட்

சென்ற வாரம் லோவல் நகரத்தில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து மெர்ரிமாக் ஆற்றோடு பத்து மைல் கீழே இறங்கினால் லாரன்ஸ். அதே மாசசூசெட்ஸ் மாநிலம். அதே ஆற்றுத் தண்ணீரை நம்பிக் கட்டிய மில்கள். ஆனால் 1834இல் லோவலில் தெருவுக்கு வந்தவர்கள் உள்ளூர்ப் பண்ணை வீட்டுப் பெண்கள். 1912இல் லாரன்ஸ் தறிகளின் முன்னால் நின்றவர்களோ இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் லிதுவேனியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். ஊரின் மக்கள்தொகை சுமார் 86,000. உலகிலேயே பெரிய கம்பளி ஆலைகளில் ஒன்றான ‘உட் மில்’ அங்கேதான் இருந்தது. அதை நடத்திய அமெரிக்கன் உல்லன் கம்பெனியின் தலைவர் வில்லியம் உட், ஒரு போர்த்துகீசியக் குடியேறியின் மகன்.

அந்த ஊரில் கம்பளி நெய்தவர்களுக்குக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள நல்ல கம்பளி இல்லை. சராசரி வாரக் கூலி ஒன்பது டாலருக்கும் குறைவு. மில் வேலைக்குப் போகிறவர்களில் 100க்கு 36 பேர் 25 வயதுக்குள் இறந்துபோகிறார்கள் என்று எழுதிவைத்தார் லாரன்ஸில் மருத்துவம் பார்த்த எலிசபெத் ஷேப்லி.

இந்த நிலையில் ஒரு நல்ல சட்டம் வந்தது. பெண்களும் சிறுவர்களும் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தது போதும், 54 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது மாநில அரசு. 1912 ஜனவரி 1 முதல் அமல். முதலாளிகள் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள். கூடவே அந்த இரண்டு மணி நேரத்துக்கான கூலியையும் வெட்டினார்கள். தறியின் வேகத்தைக் கூட்டி, பழைய அளவு துணியைக் குறைந்த நேரத்தில் எடுக்கவும் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

ஜனவரி 11, வியாழக்கிழமை. எவரெட் பஞ்சாலையில் போலந்துப் பெண்கள் சம்பளக் கவரைப் பிரித்து எண்ணினார்கள். குறைந்தது சுமார் 32 சென்ட். சில ரொட்டிகளின் விலை. எண்ணி முடித்ததும் தறிகளை நிறுத்திவிட்டு வெளியே நடந்தார்கள். மறுநாள் உல்லன் கம்பெனி ஆலைகளிலும் ‘கூலி குறைவு’ என்ற குரல் கூடம் கூடமாகப் பரவியது. சில நாட்களில் வெளியே நின்றவர்கள் 20,000 பேருக்கு மேல்.

32 சென்ட்டுக்காக இவ்வளவு பெரிய போராட்டமா என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. மாதக் கடைசியில் அரிசிப் பானையின் அடியைத் தட்டிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பைச் சேர்ந்த நெசவுத் தொழிலாளர் சங்கம் அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது தொழில் கைவந்தவர்களின் சங்கம். ஆங்கிலம் தெரியாத, நேற்று வந்த ஆட்களைச் சங்கத்தில் திரட்டவே முடியாது என்பது அதன் முடிவு. அதன் தலைவர் ஜான் கோல்டன் இந்த வேலைநிறுத்தத்தை வெளிப்படையாக எதிர்த்தார். உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம் என்ற இன்னோர் அமைப்பு, ஜோசப் எட்டரை நியூயார்க்கிலிருந்து அனுப்பியது. அவருக்குப் பல மொழிகள் வரும். ஒவ்வொரு தேசத்தாரும் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, போராட்டக் குழு அமைந்தது. பேச்சு ஒவ்வொன்றும் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்து கேட்டார்கள். என்னைக் கேட்டால், லாரன்ஸ் அந்தப் பொறுமையில்தான் வென்றது.

கோரிக்கைகள் சில: 54 மணி நேரத்துக்கு 15 சதவீதக் கூலி உயர்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி, போராடியவர்கள் மீது பழிவாங்கல் கூடாது.

ஆலை வாசலில் கூடி நிற்கக் கூடாது என்றது போலீஸ். அப்படியானால் நிற்கவில்லை, நடக்கிறோம் என்றார்கள் தொழிலாளர்கள். ஆயிரக்கணக்கானோர் கைகோத்து ஆலைப் பகுதியைச் சுற்றி ஓயாமல் நடந்தார்கள். கருங்காலியாக ஆகாதே என்று எழுதிய வெள்ளை நாடாவை அவர்கள் அணிந்திருந்தார்கள். உறைபனிக் காலத்தில் அவர்கள் மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மாநிலப் படை வந்தது. ஹார்வர்டு மாணவர்கள் சிலரும் துப்பாக்கி ஏந்தி வந்தார்கள். ஊர் முழுக்கக் கஞ்சித்தொட்டிகள் திறந்தன.

ஊரில் டைனமைட் கண்டெடுக்கப்பட்டபோது பழி உடனே போராட்டக்காரர் மேல் விழுந்தது. அதை ஒளித்து வைத்தவர் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர் ஜான் பிரீன் என்பது பிறகு வெளிவந்தது. அவருக்குக் கிடைத்த தண்டனை 500 டாலர் அபராதம்.

ஜனவரி 29 அன்று ஆனா லோபிட்ஸோ என்ற பெண் தெருவில் குண்டு பாய்ந்து செத்தார். மறுநாள் ஜான் ரேமி என்ற சிரிய இளைஞர் படைவீரரின் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துப்பட்டு இறந்தார். ஆனாவைச் சுட்டது போலீஸ்காரர் என்று சாட்சிகள் சொன்னார்கள். கைதானவர்களோ, அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்த எட்டரும் அவருடைய தோழரான கவிஞர் அர்த்தூரோ ஜோவனித்தியும். கொலைக்கு உடந்தை என்று வழக்கு.

தலைவர்களைப் பிடித்தால் போராட்டம் கலையும் என்று எண்ணினார்கள். கலையவில்லை. எட்டரின் சங்கத்தைச் சேர்ந்த பில் ஹேவுட்டும் 21 வயது எலிசபெத் கர்லி ஃபிளின்னும் வந்து பொறுப்பேற்றார்கள். பசியிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வெளியூர்த் தோழர்களின் வீடுகளுக்கு அனுப்பிவைக்க முடிவாயிற்று. பிப்ரவரி 10 அன்று 119 குழந்தைகள் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். கூட்டிப்போனவர்களில் ஒருவர் மார்கரெட் சாங்கர் என்ற நர்ஸ். அந்த 119 பேரில் உள்ளாடை போட்டிருந்தவர்கள் நான்கே பேர் என்று பின்னால் அவர் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

பிப்ரவரி 24 அன்று பிலடெல்பியாவுக்குப் புறப்பட்ட தாய்களையும் பிள்ளைகளையும் ரயில் நிலையத்திலேயே போலீஸ் அடித்து இழுத்துப்போனது. செய்தி நாடெங்கும் பரவியது. வாஷிங்டனில் விசாரணை தொடங்கியது. வெளிநாட்டுக் கம்பளிக்கு அரசு போட்ட உயர்ந்த இறக்குமதி வரியில் செழித்தவர்கள் இந்த முதலாளிகள். எங்கள் தொழிலாளர் நன்றாக வாழவே அந்த வரி என்று சொல்லி வந்தவர்கள். அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளே வந்து நின்றதும் அவர்களுக்கு வரியைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

கமெலா தியோலி, வயது 14. சாட்சி சொன்ன இத்தாலியச் சிறுமி. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து, இவளை ஏன் வேலைக்கு அனுப்பவில்லை என்று அப்பாவைக் கேட்டான். நான்கு டாலர் கொடுத்தால் 14 வயது ஆகிவிட்டதாகக் காகிதம் தருவேன் என்றான். கொடுத்தார்கள். மில்லில் சேர்ந்து சில வாரங்களில் அவளுடைய கூந்தலை எந்திரம் பற்றி இழுத்தது. தலைத்தோல் உரிந்து வந்தது. ஏழு மாதம் ஆஸ்பத்திரி. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியது, கூலி தரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜனாதிபதி டாஃப்ட்டின் மனைவியும் இருந்தார்.

மார்ச் 12 அன்று உல்லன் கம்பெனி பணிந்தது. 14ஆம் தேதி ஊர்ப் பொதுத்திடலில் கூடிய தொழிலாளர்கள் கைதூக்கி ஒப்பந்தத்தை ஏற்றார்கள். மிகக் குறைந்த கூலி வாங்கியவர்களுக்கே அதிக உயர்வு கிடைத்தது. நியூ இங்கிலாந்தின் மற்ற ஆலைகளும் பயந்து கூலியை உயர்த்தின. எட்டரும் ஜோவனித்தியும் நவம்பர் 26 அன்று விடுதலையானார்கள்.

இந்தப் போராட்டத்தை ‘ரொட்டியும் ரோஜாவும்’ என்று அழைப்பார்கள். அந்தத் தலைப்பில் ஜேம்ஸ் ஓப்பன்ஹைம் எழுதிய கவிதை அச்சானது 1911 டிசம்பரில். வேலைநிறுத்தத்துக்கு முந்தைய மாதம். பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வென்ற சங்கம் லாரன்ஸில் வேர்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதே தொழிலாளியின் கையைக் கட்டிப்போடும் என்று நம்பியவர்கள் அந்தச் சங்கத்தார். தலைவர்கள் அடுத்த ஊர் அடுத்த போராட்டம் என்று போய்விட, முதலாளிகள் ஒற்றர்களை வைத்துத் தேசத்துக்குத் தேசம் பகை மூட்டினார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த உறுப்பினர்கள் ஓரிரு ஆண்டுகளில் சில நூறாகச் சுருங்கினார்கள். கூலியை வாங்கித் தந்துவிட்டுச் சங்கத்தை நிலைநாட்டாமல் போனது பெரிய தவறு. அதற்கான விலையை லாரன்ஸ் தொழிலாளர்கள் கொடுத்தார்கள்.

1970களில் பால் கோவன் என்ற பத்திரிகையாளர் லாரன்ஸுக்குப் போனார். கமெலா தியோலி அப்போது உயிருடன் இல்லை. மகளைச் சந்தித்தார். அம்மாவின் தலையில் முடியில்லாத அந்த இடம் தெரியாதபடி கொண்டை போட்டுவிடுவது அந்த மகளின் வேலையாக இருந்திருக்கிறது. வாஷிங்டனில் அம்மா சாட்சி சொன்ன கதையை, கோவன் சொல்லித்தான் அவர் முதல்முறையாகக் கேட்டார்.

(தொடரும்)