விற்காமல் அனுப்பத் தெரிந்தவர்கள்

அமெரிக்காவின் பெரிய பெட் ஷாப்களில், கையில் வலையும் துடைப்பமுமாக நிற்கும் ஊழியர்களின் உலகம்

சனிக்கிழமை மதியம். அமெரிக்கப் புறநகர் எதிலும் காணக்கூடிய ஒரு பெரிய பெட் ஷாப். உருண்டையான கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கையில் ஏந்தி மீன் பகுதிக்கு வருகிறார் ஒரு அப்பா. கூடவே ஆறேழு வயது மகள். “இதில் விட ரெண்டு கோல்டு ஃபிஷ் கொடுங்க” என்கிறார். வலையோடு நிற்கும் ஊழியருக்கு இருபது வயதுகூட இருக்காது. அந்த மீன் நன்றாக வளர்ந்தால் ஓர் அடி நீளம் வரும், பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும் என்பது அவருக்குத் தெரியும். குடுவையில் விட்டால் சில வாரங்கள் தாங்குவதே கஷ்டம் என்பதும் தெரியும். பிடித்துப் பையில் போட்டுக் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் கால் மணி நேரம் போகும். குழந்தை அழும், அப்பா முகம் சுளிப்பார், சில நேரம் மேலாளரிடம் புகாரும் போகும்.

இந்த மாதிரிச் சங்கடம் ஒரே ஷிஃப்டில் பலமுறை வரும். பிராணிகள் மேல் உள்ள ஆசையால்தான் பெரும்பாலானவர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். கல்லூரி மாணவர்கள், கால்நடை மருத்துவம் படிக்கும் கனவோடு இருப்பவர்கள், வீட்டில் ஏற்கெனவே நாலு பூனை வளர்ப்பவர்கள் எனப் பலரும் இதில் உண்டு. யாருக்கு எதை விற்கக் கூடாது என்று புரிந்து, மனம் நோகாமல் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் தேறியவர். அந்தத் திறமைக்குச் சம்பளக் கணக்கில் இடமில்லை என்பதுதான் சிக்கல்.

நாய் விற்காத நாய்க் கடை

இந்த வியாபாரத்தில் அமெரிக்காவை ஆள்பவை இரண்டு நிறுவனங்கள். சான் டியாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்கோ, 1965-இல் கால்நடை மருத்துவப் பொருட்களைத் தபாலில் விற்கும் தொழிலாகத் தொடங்கியது. ஃபீனிக்ஸ் நகரைச் சேர்ந்த பெட்ஸ்மார்ட் 1987-இல் முதல் கடைகளைத் திறந்தது. இன்று பெட்கோவுக்குச் சுமார் 1,500 கடைகள்; பெட்ஸ்மார்ட்டுக்கு 1,600-க்கும் மேல்.

இரண்டிலுமே நாய்க்குட்டி விலைக்குக் கிடைக்காது. காப்பகங்களில் இருக்கும் நாய்களையும் பூனைகளையும் கடைக்குக் கொண்டுவந்து தத்துக் கொடுக்கிறார்கள். பெட்ஸ்மார்ட்டில் இந்த ஏற்பாடு 1992-இல் தொடங்கியது; இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிராணிகளுக்கு இந்த வழியில் வீடு கிடைத்திருக்கிறது. பண்ணைகளில் குட்டிகளை உற்பத்தி செய்து கடைகளில் விற்பதை மாநிலச் சட்டங்களும் தடுக்கத் தொடங்கிவிட்டன. கலிஃபோர்னியாவில் 2019 முதலும் நியூயார்க்கில் 2024 டிசம்பர் முதலும் கடைகளில் நாய், பூனை, முயல் விற்பனைக்குத் தடை இருக்கிறது.

அப்படியானால் உயிரோடு விற்பவை எவை? மீன், ஹாம்ஸ்டர், கினிப்பன்றி, நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கும் பட்ஜி கிளி, பாம்பு, பல்லி வகைகள். இவற்றால் கிடைக்கும் காசு சொற்பம். 2024-இல் அமெரிக்கர்கள் செல்லப்பிராணிகளுக்காகச் செலவழித்தது சுமார் 15,200 கோடி டாலர் என்கிறது அந்தத் துறையின் சங்கம். அதில் 6,500 கோடிக்கும் மேல் தீனிக்கே போனது. ஒரு ஹாம்ஸ்டரின் விலையைவிட அதற்கு வாங்கும் கூண்டு, சக்கரம், தண்ணீர்க் குப்பி, மரத்தூள் எல்லாம் சேர்த்த விலை பல மடங்கு. பிராணி ஒருமுறை விலைபோகும். தீனி மாதாமாதம் விலைபோகும். கடையின் நடுவே பளபளக்கும் மீன் தொட்டிகள் வாடிக்கையாளரை உள்ளே இழுப்பதற்கானவை.

கதவு திறக்கும் முன்னே

காலை வேலை கடை திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். முதலில் மீன் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் செத்து மிதப்பதை வலையால் எடுத்து, எண்ணிக் குறித்து, அப்புறப்படுத்த வேண்டும். அடுத்து கூண்டுகளில் மரத்தூள் மாற்றுவது, தண்ணீர் வைப்பது, ஒவ்வொரு பிராணியின் கண்ணையும் மூக்கையும் வாலடியையும் உற்றுப் பார்ப்பது. பல்லிகளுக்குத் தீனியாக விற்கும் சுவர்க்கோழிப் பூச்சிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அவற்றின் நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. தப்பித்த பூச்சி ஏதாவது ஓர் அலமாரிக்கு அடியிலிருந்து இரவெல்லாம் கத்தும். பாம்புகளுக்கான உறைந்த எலிகள் ஃப்ரீசரில் கிடக்கும். சரக்கு லாரி வரும் நாளில் 18 கிலோ நாய்த்தீனி மூட்டைகளை இறக்கி அடுக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் நாயைக் கூட்டிக்கொண்டே கடைக்குள் வரலாம் என்பதால், அலமாரி மூலைகளைத் துடைக்கும் வேலையும் நாள் முழுக்க ஓயாது.

இத்தனைக்கும் நடுவில் தகவல் களஞ்சியமாகவும் இருக்க வேண்டும். ஃபைட்டர் மீனின் பூர்வீகம் தாய்லாந்தும் அதன் சுற்றுப்புறமும். பட்ஜியும் பியர்டட் டிராகன் என்ற ஓணானும் ஆஸ்திரேலியா. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கா. ரோஸ்லைன் ஷார்க் என்ற பெயரில் விற்கும் சிவப்புக் கோட்டு மீன் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கு மட்டுமே உரியது. ‘மிஸ் கேரளா’ என்று இங்கே பெயர். அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஒன்றுக்கு வெப்ப விளக்கு வேண்டும், இன்னொன்றுக்குப் புற ஊதா விளக்கு வேண்டும். மனித உடம்பைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தயாரிக்காது. தீனியில் கொடுத்தே ஆக வேண்டும். இவ்வளவையும் கற்றுக்கொள்ளக் கிடைப்பது கம்ப்யூட்டரில் சில பாடங்களும், மூத்தவர் பின்னால் சுற்றும் சில நாட்களும்தான். மீதி எல்லாம் சொந்த ஆர்வம்.

புதுத் தொட்டியின் விஷம்

மீன் பகுதியில் ஊழியர் ஓயாமல் சொல்ல வேண்டியிருப்பது ஒரே பாடம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக மாற்றிய பிறகே மீன் நிம்மதியாக மூச்சு விடும். இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நாலைந்து வாரங்கள் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன் வாங்கிப் போகிறவர் அடுத்த வாரம் செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, “சீக்கு மீனைக் கொடுத்துட்டீங்க” என்று சண்டை பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். குறிப்பிட்ட நாட்களுக்குள் செத்தால் பணம் வாபஸ் என்பது கடையின் வாக்குறுதி. அதனால் ஊழியர் மன்னிப்புக் கேட்டு வேறு மீன் கொடுப்பார். அதே தண்ணீரில்தான் அதுவும் போய் விழப் போகிறது.

ஹாம்ஸ்டர் பகுதியில் பாடம் வேறு. பொன்னிற சிரிய ஹாம்ஸ்டர் தனிமை விரும்பி. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும். “தனியா இருந்தா பாவமில்லையா?” என்று கேட்டு ஜோடியாக வாங்க நினைக்கும் தாய்மார்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அதன் கர்ப்பகாலம் பதினாறே நாள். ஆண், பெண் பிரிப்பதில் யாராவது தவறினால் வாங்கியவர் வீட்டில் ஒரு பிரசவம் நடக்கும். 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வளையிலிருந்து பிடித்த தாயும் குட்டிகளும்தான் இன்று உலகெங்கும் கூண்டுகளில் ஓடும் இந்த இனத்தின் மூதாதைகள். அவ்வளவு வேகமாகப் பெருகும் உயிர் அது.

பின்னறை

வாடிக்கையாளர் கண்ணில் படாத ஓர் அறை இந்தக் கடைகளில் உண்டு. நோய்வாய்ப்பட்டவற்றைத் தனிமைப்படுத்தி வைக்கும் இடம். சளி பிடித்த ஹாம்ஸ்டர், வால் கடிபட்ட ஓணான், இறகு உதிர்ந்த கிளி அங்கே இருக்கும். மருந்து கொடுப்பதும், எடை குறித்து வைப்பதும், தேவையென்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதும் ஊழியர் வேலை. இங்கேதான் கணக்கும் மனசும் மோதுகின்றன. மருத்துவரை ஒருமுறை பார்க்கும் செலவு, அந்த ஹாம்ஸ்டரின் விலையைத் தாண்டிவிடும். சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்தின் விதிப்புத்தகம் சொல்லும். அந்த மாதச் செலவைப் பார்க்கும் மேலாளர் தயங்குவார். மருத்துவரிடம் கொண்டுபோகக் கையில் ஆளும் இருக்காது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பலர் சொல்லும் காரணம் சம்பளக் குறைவு மட்டுமல்ல, இந்த அறையும்தான்.

நோய் பிராணியோடு நின்றுவிடுவதும் இல்லை. 2016 ஜனவரிக்கும் 2018 பிப்ரவரிக்கும் இடையே, நாய்க்குட்டி விற்கும் பிற கடைகளின் குட்டிகளிடமிருந்து பரவிய கேம்பைலோபேக்டர் என்ற குடல் தொற்று 18 மாநிலங்களில் 118 பேரைத் தாக்கியதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. அவர்களில் 29 பேர் பெட் ஷாப் ஊழியர்கள். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளுக்கு அந்தக் கிருமி கட்டுப்படவில்லை.

கத்தரிக்கோலும் கடனும்

கடையின் ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குரூமிங் நடக்கும். நாயைக் குளிப்பாட்டி, உலர்த்தி, முடி வெட்டி, நகம் நறுக்கும் பகுதி அது. கடையிலேயே உடம்பை அதிகம் வருத்தும் வேலை இதுதான். நாள் முழுக்க நின்றபடி, திமிறும் முப்பது கிலோ நாயைப் பிடிக்க வேண்டும். கடி, நகக் கீறல், மணிக்கட்டு வலி, முதுகு வலி எல்லாம் தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை. சடைபிடித்த சுருள்முடி நாயைக் கொண்டுவந்து, “முடியை மட்டும் குறைக்கக் கூடாது” என்பார் உரிமையாளர். மழிப்பதைத் தவிர வழியில்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் குரூமருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். வருமானம் பெரும்பாலும் கமிஷனை நம்பியே இருப்பதால், முன்பதிவு செய்தவர் வராமல் போனால் நஷ்டம் குரூமருக்குத்தான்.

இந்தத் தொழிலைக் கற்றுத் தருகிறோம் என்று சேர்ப்பதில் ஒரு கொக்கி இருப்பதாக 2022-இல் கலிஃபோர்னியாவில் பெட்ஸ்மார்ட் மீது முன்னாள் குரூமர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் பயிற்சிக்கும் கருவிகளுக்குமாக 5,500 டாலர் வரை கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இந்த மாதிரி ‘இரு அல்லது கட்டு’ ஒப்பந்தங்கள் அமெரிக்காவின் பல தொழில்களில் இருக்கின்றன. 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில் இவற்றைச் சில விதிவிலக்குகளோடு தடைசெய்யும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2025-இல் இயற்றியது.

மேலே இருப்பவர்களின் கணக்கு வேறு அளவில் ஓடுகிறது. பெட்ஸ்மார்ட்டை 2015-இல் ஒரு முதலீட்டு நிறுவனம் தலைமையிலான குழு 870 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு பெட்கோ சுமார் 460 கோடிக்குக் கைமாறியது. இம்மாதிரிக் கொள்முதலில் வாங்குபவர் திரட்டும் கடனில் பெரும்பகுதி, வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையில்தான் ஏறும். வட்டி கட்ட வேண்டிய கடையில் எளிதாகக் குறைக்கக்கூடிய செலவு ஆட்களின் வேலை நேரம். மூவர் பார்த்த வேலையை இருவர் பார்க்கும்போது முதலில் காணாமல் போவது, வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசும் அந்தக் கால் மணி நேரம்தான்.

ஆனாலும் வருகிறார்கள்

ஆட்கள் வராமல் இல்லை. கூச்ச சுபாவமுள்ள பூனை மாதக்கணக்கில் கூண்டில் இருந்துவிட்டு ஒரு நல்ல குடும்பத்தோடு புறப்படும் நாளில் கடையே கூடி நின்று வழியனுப்பும். யாரும் வாங்காத, கால் ஊனமான ஹாம்ஸ்டர் கடைசியில் ஓர் ஊழியர் வீட்டுக்கே போய்ச் சேருவது பல கடைகளில் நடப்பதுதான். வாரம் தவறாமல் வரும் ஒரு சிறுவன் ஓணான்களைப் பற்றி ஊழியரைவிட அதிகம் தெரிந்துவைத்திருப்பான்; அவனோடு பேசும் பத்து நிமிடம் அன்றைய களைப்பையே மறக்கடித்துவிடும்.

இந்தக் கடைகளுக்குப் போகும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். எவ்வளவு பெரிய தொட்டி, எத்தனை நாளாக வடிகட்டி ஓடுகிறது, வீட்டில் வேறு என்ன பிராணி என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களைக் கேட்கும் ஊழியர் இருந்தால், அது நல்ல கடை. அவர் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால் நம்பலாம். அந்த வார்த்தையால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. ரசீதின் அடியில் கருத்துக் கேட்டு ஒரு முகவரி அச்சிட்டிருப்பார்கள். தலைமை அலுவலகம் எண்ணிப் பார்ப்பது அதைத்தான். மெனக்கெட்டு அதில் நாலு வரி எழுதுங்கள்: இந்த ஊழியர் எனக்கு மீன் விற்க மறுத்தார், அதற்காக நன்றி.