உங்கள் சேமிப்புப் பெட்டிக்கு எந்த ஊர் நேரம்?

நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது டி.வி. மேஜைக்குக் கீழே ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் இதை ‘நாஸ்’ என்பார்கள். உள்ளே இரண்டு அல்லது நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். வீட்டு இன்டர்நெட்டோடு இணைத்துவிட்டால் குடும்பத்தார் அனைவரின் போட்டோக்களும் கணக்குகளும் அதில் வந்து சேரும். பிள்ளைகள் அமெரிக்காவிலோ லண்டனிலோ இருந்தால் அங்கே ஒரு பெட்டி, இங்கே ஒரு பெட்டி என வைத்து, தினமும் ஒருமுறை இரண்டும் ஒத்துப்பார்த்துக்கொள்ளும்படி அமைப்பதும் உண்டு.

கம்ப்யூட்டர் பராமரிப்பு என் தொழில் என்பதால் அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பெட்டியில் மணி தப்பாகக் காட்டுகிறது, ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிடட்டுமா?” கூடாது என்பதே என் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

பெட்டி தனக்குள் உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை வினாடிகள் கழிந்தன என்று உலகப் பொது நேரப்படி எண்ணிக்கொண்டிருக்கிறது. நமக்குக் காட்டும்போது மட்டும் ஓர் அட்டவணையைப் பார்த்து, இந்தியா என்றால் ஐந்தரை மணி கூட்டியும், நியூயார்க் என்றால் ஐந்து அல்லது நான்கு மணி கழித்தும் காட்டுகிறது. கடிகாரத்தைக் கையால் தள்ளினால் திரையில் தெரியும் மணி சரியாகிவிடும். உள்ளே இருக்கும் எண்ணிக்கை தப்பாகிவிடும். தபால் முத்திரையில் தேதி மாறியது போல, அதன் பிறகு எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலிலும் அந்தத் தப்பு பதிந்துவிடும்.

இதனால் என்ன நஷ்டம்? செம்பூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தம் குடும்ப வரலாற்றை எழுதி வருகிறார். அவர் மகன் நியூஜெர்ஸியில் இருக்கிறார். மகன் தம் பெட்டியில் ஊர் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் வெறுமனே ‘ஐந்து மணி கழித்தல்’ என்று வைத்திருந்தார். மார்ச்சில் கோடை நேரம் தொடங்கியதும் பெட்டி ஒரு மணி பின்தங்கியது. அவர் இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைக் கையால் முன்னே தள்ளினார். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அந்த ஃபைலைத் திறந்து படித்து, எதையும் மாற்றாமல் சேமித்து மூடினார். அப்போது நமக்கு மாலை 5.30, ஆனால் ஃபைலில் விழுந்த முத்திரையோ நம் கணக்கில் 6.30. பெரியவர் ஊரிலுள்ள அத்தையிடம் போனில் கேட்டுக் கேட்டு இரண்டு பக்கம் எழுதி, ஆறு மணிக்குத் தம் பெட்டியில் சேமித்தார். இரவு இரண்டு பெட்டிகளும் ஒத்துப்பார்த்தபோது, 6.30 தான் புதியது என்று முடிவு செய்து, பழைய பிரதியைப் புதியதன் மேல் எழுதிவிட்டன. இரண்டு பக்கமும் போயிற்று. அத்தை நல்ல நினைவோடு இருந்ததால் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோடை நேரம் பழக்கமில்லாத விஷயம். இந்தியாவில் இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்திருந்தார்கள். 1945-ல் அது முடிந்தது. நம் பம்பாயிலேயே 1955 வரை, இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பிந்திய தனி நேரமும் வழக்கில் இருந்தது. ஆக, ஓர் ஊரின் நேரம் சூரியன் மட்டும் தீர்மானிப்பதல்ல, அரசாங்கங்கள் விதிப்பது. விதிகள் மாறும். அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2007 முதல் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. அதற்கு முன் ஏப்ரல் முதல் ஞாயிறுதான் தொடக்கம். பழைய அட்டவணையோடு இருந்த கருவிகள் 2007-ல் மூன்று வாரம் ஒரு மணி பின்தங்கி ஓடின. இலங்கை 1996-ல் இரண்டு முறை நேரத்தை மாற்றி, 2006-ல் ஐந்தரைக்கே திரும்பியது. மெக்சிகோ 2022-ல் நாட்டின் பெரும்பகுதியில் கோடை நேரத்தைக் கைவிட்டது. எகிப்து 2023-ல் மீண்டும் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு உண்டு, பிரிஸ்பேனுக்கு இல்லை.

இந்த மாற்றங்களையெல்லாம் தொகுத்து வரும் பொது அட்டவணை ஒன்று உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களில் தொடங்கியது. பெரும்பாலான சேமிப்புப் பெட்டிகள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. பெட்டியின் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கும்போதுதான் புதிய அட்டவணை வந்து சேரும்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. முக்கியமானவற்றை வெளியே ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, பெட்டியின் சாஃப்ட்வேரைப் புதுப்பியுங்கள்.

2. டைம் ஸோன் பகுதியில், பெட்டி இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். நம் வீட்டுப் பெட்டிக்கு 5.30 கூட்டலுக்கு எதிரே சென்னை, கொல்கத்தா, மும்பை என்றோ, கொல்கத்தா என்று மட்டுமோ இருக்கும். பழைய பெட்டிகளில் கல்கத்தா என்றிருக்கும். எல்லாம் ஒன்றுதான். மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தந்த பெட்டியாக இருந்தால் அவசியம் பாருங்கள்.

3. இன்டர்நெட்டிலிருந்து தானாக நேரம் எடுக்கும் வசதியை இயக்குங்கள்.

4. கோடை நேரத்துக்குத் தனிக் கட்டம் இருந்தால், அமெரிக்கப் பெட்டியில் டிக் செய்யச் சொல்லுங்கள். நம் பெட்டியில் வேண்டாம்.

5. அமெரிக்கப் பெட்டியின் தினசரிப் பிரதி வேலையை இரவு ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே வைக்க வேண்டாம். மார்ச்சில் மாறும் நாளில் அங்கே 2.30 மணியே வராது, நவம்பரில் 1.30 இரண்டு முறை வரும்.

6. பழைய பிரதிகளைச் சில வாரம் காத்து வைக்கும் வசதியை இயக்குங்கள். மேலே சொன்ன பெரியவர் வீட்டில் இது மட்டும் இருந்திருந்தால் அந்த இரண்டு பக்கம் ஐந்து நிமிடத்தில் திரும்பியிருக்கும்.

ஊரைத் திருத்தியதும் பழைய ஃபைல்களுக்கு எதிரே உள்ள மணி மாறித் தெரியும். பயப்பட வேண்டாம், உள்ளே உள்ள எண்ணிக்கை மாறவில்லை, காட்டும் விதம்தான் மாறியது. ஆனால் கடிகாரத்தைக் கையால் தள்ளியிருந்த நாட்களில் எழுதப்பட்டவை தப்பான முத்திரையோடுதான் இருக்கும். அவற்றை மட்டும் இரண்டு பெட்டிகளிலும் திறந்து பார்த்து, எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டும் ஒத்துப்பார்ப்பதை நிறுத்தி வைப்பது நல்லது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பேசும்போது, நலம் விசாரித்த கையோடு, “உன் பெட்டியில் எந்த ஊர் போட்டிருக்கிறது?” என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.