பருப்பு ஏன் வேகவில்லை?

சமையலைப் பற்றி மாணவர்களிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். "அது வீட்டில் உள்ளவர்களின் காரியம், எங்களுக்கு இலையில் விழுந்தால் போதும்" என்று சொல்பவர்களும் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். படிப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து, நண்பர் ஒருவருடன் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னே உட்கார்ந்த அன்றுதான் அந்த எண்ணம் மாறியது.

அது மாதக் கடைசி. எங்களிடம் இருந்தவை அரைப்படி அரிசி, ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பு, நாலு கத்தரிக்காய், கொஞ்சம் புளி. அடுப்பில் இருந்த எண்ணெயும் அன்றைக்குத்தான் போதும். சாம்பார் வைப்பதென்று தீர்மானித்தோம். எப்படியும் எல்லாம் ஒன்றாகத்தானே சேரப் போகின்றன, தனித்தனியாக வேகவைத்து எண்ணெயை ஏன் வீணாக்க வேண்டும் என்று நான் ஒரு யுக்தி சொன்னேன். நண்பரும் அதை மெச்சினார். பருப்பு, காய், உப்பு, புளிக்கரைசல் அனைத்தையும் ஒரே பாத்திரத்தில் இட்டு அடுப்பில் ஏற்றிவிட்டோம்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணியும் ஆயிற்று. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தோம். எடுத்து நசுக்கிப் பார்த்தால் பருப்பு விரலை எதிர்த்து நின்றது. முடிவில் எண்ணெய் தீர்ந்து, திரி கருகி, அடுப்பு தானே அணைந்தது. புகை நாற்றம் கண்டு பக்கத்து வீட்டுப் பாட்டியார் எட்டிப் பார்த்தார்.

"புளியை எப்போது விட்டாய், தம்பி?"

"முதலிலேயே விட்டுவிட்டேன், பாட்டி."

"அப்படியானால் விடிய விடிய எரித்தாலும் மசியாது. பருப்பு வெந்த பிறகல்லவா புளி?"

காரணம் கேட்டேன். தம் மாமியார் அப்படிச் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். அவருக்கு அந்தக் காரணமே போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. பிறகு பல நூல்களைப் புரட்டி அறிந்துகொண்டதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பருப்பானாலும் காயானாலும் அது எண்ணற்ற நுண்ணறைகளால் கட்டப்பட்ட ஒரு மாளிகை. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து இருப்பதுபோல, அறைக்கும் அறைக்கும் நடுவே பெக்டின் என்ற பசைப்பொருள் இருக்கிறது. கொதிநீரின் சூட்டில் இந்தப் பசை சிறிது சிறிதாகக் கரைகிறது. அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அதைத்தான் நாம் "மசிந்தது" என்கிறோம். ஆனால் நீரில் புளிப்பு இருந்தால் இந்தப் பசை எளிதில் கரைவதில்லை. அடுப்பு என்னதான் எரிந்தாலும் சாந்து இளகாமல் நிற்கிறது. எங்கள் யுக்தி தோற்றது இங்கேதான். தக்காளியும் புளிப்புடையதே, அதையும் பருப்பு வெந்த பின்னர்ச் சேர்ப்பது நலம்.

புளியைத் தவிர மற்றொரு குற்றவாளியும் உண்டு. அது தண்ணீர். சில ஊர்க் கிணற்று நீரில் கால்சியம் முதலிய உப்புகள் மிகுதி. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவது அதுவே. இந்தக் கால்சியம் பெக்டினோடு சேர்ந்து அதை மேலும் இறுக்கிவிடுகிறது. "இந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது" என்று பெண்கள் குறை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் புலம்பல் அன்று, சரியான இரசாயனம். அத்தகைய ஊரில் குடிப்பதற்குக் கொண்டுவரும் நல்ல தண்ணீரில் கொஞ்சம் பருப்புக்கும் ஒதுக்கிவிட வேண்டும். முன்கூட்டியே ஊறவைப்பதும் உதவும். நெடுநாள் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கிடந்த பழைய பருப்பு எந்தத் தண்ணீரிலும் தாமதமாகவே வேகும். சிலர் சமையல் சோடாவை ஒரு சிட்டிகை போடுவார்கள். பருப்பு விரைவில் குழைவது உண்மை. ஆனால் சோடாவின் காரத்தில் பி1 என்ற வைட்டமின் அழிந்துபோகிறது. அவசரத்துக்காக அதை இழப்பது எனக்கு உடன்பாடில்லை.

இனி இதையே திருப்பிப் பாருங்கள். புளிப்பு காயை இறுக்குமென்றால், குழையக் கூடாத காய்க்கு அது நன்மைதானே? வெண்டைக்காயை வதக்கிப் புளிநீரில் இட்டால் அது உருக்குலைவதில்லை; வழவழப்பும் அடங்குகிறது. உருளைக்கிழங்கை முக்கால் பதம் வெந்ததும் புளிக்குழம்பில் போட்டால் அதற்கு மேல் கரையாமல் துண்டாகவே நிற்கும். புளி நமக்குப் பகையும் அன்று, நட்பும் அன்று. எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது அதன் குணம்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயைப் பெருக்குவதால் பருப்பு விரைவாக வெந்துவிடாது. திறந்த பாத்திரத்தில் நீரின் சூடு 100 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறுவதில்லை. மிகுந்த தீயெல்லாம் ஆவியாகத்தான் போகும். கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகமண்டலத்தில் தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே பருப்புக்கு நம்மைவிட நேரம் கூடுதலாக வேண்டும். இதற்கு மாற்றுக் கண்டவர் டெனிஸ் பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர். 1679ஆம் ஆண்டு இலண்டனில் ராயல் சொசைட்டியின் முன்னிலையில், மூடியை இறுக்கித் திருகி ஆவியை உள்ளேயே அடக்கிவைக்கும் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். இன்று நம் வீடுகளில் உள்ள பிரஷர் குக்கர் அதன் வழிவந்ததே. இதனுள் சூடு ஏறத்தாழ 120 பாகை வரை போகிறது. பாத்திரம் வெடித்துவிடாதபடி காக்கும் தடுக்கிதழையும் சிந்தித்தவர் அவரே. பருப்பின் நுரை பொங்கி ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிடக்கூடும். ஆகையால் பருப்பு வைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. ஒரு துளி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆவி முற்றும் தணியுமுன் மூடியைத் திறக்க முயலவே கூடாது. இது விளையாட்டு அன்று.

தாளிப்பிலும் இந்த முன்பின் முறை உண்டு. கடுகு முதலில் போவது அது எண்ணெயின் சூட்டை அளந்து சொல்வதால்தான். உள்ளிருக்கும் சிறிது ஈரம் ஆவியாகித் தோலைக் கிழிக்கும்போது அது வெடிக்கிறது. வெடித்தால் எண்ணெய் பதமாயிற்று என்று அறியலாம். பிறகு உளுத்தம்பருப்பு, அது சிவக்கச் சிறிது நேரம் பிடிக்கும். எளிதில் கருகும் மிளகாய் அதற்குப் பின்னர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் கடைசி. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசினே பெருங்காயம். பச்சையாக முகர்ந்தால் மூக்கைச் சுளிக்க வைக்கும் அது, சுட்ட எண்ணெயில் பட்டவுடன் மணக்கிறது. அந்த மணம் எண்ணெயில் கரைந்து குழம்பு முழுவதும் பரவுகிறது. கறிவேப்பிலையின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்; முகத்தில் தெறிக்காது.

தாளிக்கும்போது எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் இறங்கி, ஒரு கணத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசிவிடும். அடுப்பை அணையுங்கள். உலோகத் தட்டு ஒன்றால் பாத்திரத்தை மூடுங்கள். மூடியபடியே ஆற விடுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் வேண்டாம்.

அரிசியைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரம் இல்லை. ஆனால் நம் நாட்டு வரலாறு ஒன்று இதில் இருக்கிறது. 1918ஆம் ஆண்டு குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், பெரிபெரி என்னும் நோயை ஆராய ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அந்நோய் காணப்பட்டது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலில் உள்ள பி1 வைட்டமின் உள்ளே ஊறிவிடுகிறது. அதன் பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. இந்த வைட்டமின் நீரில் கரையக்கூடியது. அரிசியை ஐந்தாறு தடவை அழுத்திக் களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டுபவர்கள் சத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். இரண்டு தடவை களைந்தால் போதும். வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குடிக்கலாம். அல்லது அளவாக நீர் வைத்து வடிக்காமலே சமைக்கலாம்.

அன்றைய பருப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பாட்டியார் அதைக் கொட்டவிடவில்லை. நீரை வடித்துத் தனியே ஒரு செம்பில் எடுத்துக்கொண்டார். வேகாத பருப்பைத் தம் வீட்டு வாணலியில் ஈரம் போக வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து அம்மியில் கரகரப்பாக அரைத்துத் துவையலாக்கினார். செம்பில் இருந்த புளிநீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்தார். எங்கள் அரைப்படி அரிசியும் அவர் அடுப்பிலேயே வெந்தது. இரவு பத்து மணிக்கு மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு மட்டும் சற்றுத் தூக்கலாக இருந்தது. அது நான் முதலிலேயே போட்ட உப்பு.