மேட்டில் பழைய ஊர், அடிவாரத்தில் புதிய ஊர்

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கே, கத்தலோனியாவில், கோர்பெரா டி எப்ரே என்னும் சிறு கிராமம் உண்டு. ஆயிரம் பேரளவில் வாழும் இவ்வூராரின் சீவனோபாயம் முந்திரிகை, ஒலிவ், வாதுமை ஆகியன. நாம் வளவுகளில் செய்வதுபோல் அங்கு முந்திரிகைக்குப் பந்தலிடுவதில்லை. மழை குறைந்த பூமியாதலால் கொடியைக் குறுக வெட்டி, பற்றைபோல் நிற்க விடுவதே பழைய வழக்கம். வெள்ளைக் கர்னாச்சா என்ற இனம் இவ்வட்டாரத்தில் பெயர்போனது. அதன் பழத்தில் இரசம் வடிக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேரை உறிஞ்சும் பில்லொக்செரா என்னும் பூச்சி ஐரோப்பாவின் முந்திரிகைத் தோட்டங்களை அழித்தது. மருந்துகள் சரிவரவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க இனத்தின் வேர்க்கட்டையில் உள்ளூர்க் கொடியை ஒட்டியே தோட்டங்களை மீட்டார்கள். புது நடுகைக்குக் காசு வேண்டும். தனியொரு கமக்காரனால் இயலாது. கூட்டுறவுச் சங்கங்கள் வலுப்பெற்றது இதற்குப் பின்புதான். அயலூரான கன்தேசாவில் 1919இல் செசார் மார்த்தினெல் என்ற கட்டடக் கலைஞர் விவசாயிகளுக்காக அமைத்த கூட்டுறவு இரசசாலை இன்றும் நிற்கிறது. செலவைக் குறைக்க, செங்கல் வளைவுகளாலேயே கூரையைத் தாங்கச் செய்தார்.

பின்பு உள்நாட்டு யுத்தம் வந்தது. 1938 யூலை 25இல் குடியரசுப் படையினர் எப்ரோ நதியைக் கடந்து ஊரைக் கைப்பற்றினர். பிராங்கோவின் பீரங்கிகளும், அவருக்குத் துணைவந்த ஜேர்மன், இத்தாலிய விமானங்களும் ஊரைத் தாக்கின. 115 நாட்கள் நீடித்த அச்சமரில் மேட்டிலிருந்த ஊர் கற்குவியலாயிற்று.

திரும்பி வந்த சனங்களில் பலருக்கு வீடில்லை. தோட்டங்களிலோ பதுங்குகுழிகளும் வெடிக்காத ஷெல்களும். முந்திரிகைக் கன்று நட்டால் பலன் காண மூன்று வருடமளவு செல்லும். அதுவரை பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது? பழைய இரும்பு பொறுக்கி விற்றார்கள். ஷெல்லைக் கழற்ற முயன்று உயிரிழந்தோரும் உண்டு. இதை நாம் அழுத்திச் சொல்கிறோம்: அத்தனை வருடங்கள் கழிந்தும் அங்கு நிலத்தில் வெடிபொருட்கள் அகப்படுகின்றன. காண்பவர் தொடாமல் விலகி நின்று பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதே அங்குள்ள விதி.

புதிய வீடுகள் அடிவாரத்தில், தெருவோரமாக, மெல்ல மெல்ல எழுந்தன. மேட்டில் புனித இராயப்பர் கோவிலின் சுவர்களும் இடிந்த வீடுகளும் அப்படியே விடப்பட்டன. 1992இல் அவை வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்பட்டன. ஊர்தான் கீழே இறங்கியது. காணிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன. செப்டெம்பர் வந்தால் அங்கேதான் பழம் பறிக்கப் போகிறார்கள்.